மேலிருந்து பார்த்தால் காடு

குமாவுன் மலைச்சரிவுகளில் மே மாதத்தில் நடப்பவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது வழுக்கலுக்கு. பைன் மரங்களின் ஊசியிலைகள் செம்பழுப்பு நிறத்தில் தரையை முழுக்க மூடிக் கிடக்கும். ஒவ்வோர் ஊசியும் ஏறத்தாழ ஒரு சாண் நீளம். மும்மூன்றாகச் சேர்ந்தே உதிர்பவை. வெயிலில் காய்ந்து வழவழப்பேறிய அந்தப் பரப்பில், செங்குத்தான இடத்தில் கால்வைப்பது எண்ணெய் தடவிய பாறையில் கால்வைப்பது போன்றது. புல்லுக்கும் தழைக்கும் மலையேறும் பெண்ணுக்கு அப்பகுதியில் ஒரு தனிப்பெயர் உண்டு: கஸ்யாரி. கையில் அரிவாளும் தோளில் கயிறுமாக அவள் இந்தச் சரிவைக் கடக்கிறாள். கோடையில் இங்கே அரிவாளுக்கு வேலையில்லை. அவள் போக வேண்டிய இடம் இன்னும் மேலே, ஓக் மரங்கள் எஞ்சியிருக்கும் பகுதியில் இருக்கிறது.

உதிர்ந்து கிடக்கும் அந்த ஊசிகளை அங்குள்ளவர்கள் 'பிரூல்' என்கிறார்கள். மரத்தில் பச்சையாக இருக்கும் இலைக்கு அன்று, தரையில் கிடக்கும் காய்ந்த இலைக்கு உரிய சொல் அது. தமிழில் அதற்கு நிகரான ஒற்றைச் சொல் இல்லை. 'ஊசியிலை' என்பது பாடநூல் தந்த ஆக்கம். 'சருகு' என்றால் காலடியில் நொறுங்கும் அகன்ற இலையே நம் மனத்தில் தோன்றுகிறது, பிரூல் நொறுங்குவதில்லை. ஒரு பொருளோடு தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டியவர்களிடம்தான் அதற்கான சொல் பிறக்கிறது. மாட்டுத் தொழுவத்தில் பரப்பவும், அதன்வழியே எருவில் சேரவும் பிரூல் பயன்படுகிறது. ஆயினும் மாடு அதைத் தின்னாது; மண் அதை எளிதில் செரிக்காது; தீ மட்டும் அதை விரும்பி உண்ணும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது 'பாஞ்' எனப்படும் ஓக் வகை. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்திலிருந்து இம்மரம் காடாக வளர்கிறது. இலையின் மேற்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் வெள்ளிச் சாம்பல். பனிக்காலத்திலும் கோடையிலும் புல் அருகும்போது இதன் தழையே மாட்டுக்குத் தீவனம். இதன் சருகே வயலுக்கு எரு. இதன் கட்டையே அடுப்புக்கு விறகு. ஆனால் பாஞ் காட்டின் செல்வம் மரத்தோடு முடிவதில்லை. அதன் நிழலில் செந்நிறப் பூப்பூக்கும் புராஞ்ஸ் நிற்கிறது, காஃபல் பழுக்கிறது, அதற்குக் கீழே கில்மோரா, ஹிஸாலு போன்ற முட்செடிகளும், பெரணிகளும், பாசிகளும், மூலிகைகளும் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. சூழலியலார் 'கீழடுக்கு' என்று குறிப்பிடுவது இதைத்தான். மழைத்துளி நேராக மண்ணை அறையாமல் இத்தனை அடுக்குகளில் தங்கித் தங்கி இறங்குகிறது. பாஞ் காட்டுக்குக் கீழுள்ள நௌலாக்கள், அதாவது படிக்கட்டுகள் அமைத்த சிறு கல் ஊற்றுகள், கோடையிலும் வற்றாதவை என்பது குமாவுன் கிராமங்களின் நெடுங்கால நம்பிக்கை.

பைன் நடவு ஒரு சரிவில் தொடங்கும்போது கீழடுக்குக்கு என்ன நேர்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். 2 மீட்டர் இடைவெளியில் கன்றுகளை நட்டால் ஒரு ஹெக்டேருக்கு 2,500 கன்றுகள். முதற்சில ஆண்டுகளில் வெயில் தாராளமாகத் தரைக்கு வருகிறது. புல்லும் புதரும் செழிக்கின்றன. அவை கன்றுகளுக்குரிய நீரிலும் ஊட்டத்திலும் பங்கு கேட்பதால், நடவு செய்தவர் அவற்றைக் களை என்கிறார், அகற்றுகிறார். அதே புல்லைக் கஸ்யாரி தீவனம் என்கிறாள், அறுத்துச் செல்கிறாள். செடி ஒன்றுதான். யார் கையில் அரிவாள் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பெயர் மாறுகிறது.

பிறகு கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. மேற்கவிகை மூடத் தொடங்கியதும் தரைக்கு வரும் ஒளி குறைகிறது. ஒளி விரும்பும் புற்கள் மெலிகின்றன. அகன்ற இலைக் காட்டில் இந்த இடத்தை நிழல் தாங்கும் செடிகள் நிரப்பும். நெருக்கமான பைன் நடவில் அதற்குத் தடையாகப் பிரூல் படுக்கை வந்து சேர்கிறது. அந்தப் படுக்கையின்மேல் விழும் சிறுவிதை மழையில் முளைத்தாலும், அதன் வேர் மண்ணைத் தொடுவதற்குள் ஈரம் வற்றிவிடுகிறது. மரங்களுக்கிடையிலும் போட்டி முற்றுகிறது. நெருக்கமாக நட்ட மரம் உயரத்தில் அதிகம் இழப்பதில்லை, பருமனில்தான் இழக்கிறது. இதனால்தான் வனவியலார் உரிய காலத்தில் சில மரங்களை நீக்கி இடைவெளி உண்டாக்குகின்றனர். இடைவெளி கிடைத்த மரம் பருக்கத் தொடங்குகிறது. ஒளி கிடைத்த தரையில் புல்லும் புதரும் மீள்கின்றன. மரத்தின் வளர்ச்சியும் கீழடுக்கின் வாழ்வும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். இடைவெளியின்றி விடப்பட்ட நடவில் நல்ல மரமும் இல்லை, நல்ல புல்லும் இல்லை. ஒல்லியான தண்டுகளும் அவற்றின் அடியில் பிரூலும் மட்டுமே மிஞ்சுகின்றன.

இவை கண்ணால் காணத்தக்கவை. கண்ணுக்குத் தெரியாத ஒரு நிகழ்வும் உண்டு. 1984இல் ஜே.எஸ். சிங், ஒய்.எஸ். ராவத், ஓ.பி. சதுர்வேதி ஆகியோர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இமயமலையில் ஓக் காடு பைன் காடாக மாறும்போது நைட்ரஜன் சுழற்சி எவ்வாறு மாறுகிறது என்பதை விளக்கியது. பைன் மரம் இலையை உதிர்ப்பதற்கு முன்பே அதிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. எனவே மண்ணில் விழும் ஊசியில் கரிமம் மிகுதி, நைட்ரஜன் குறைவு. அதை மட்கச் செய்ய முனையும் நுண்ணுயிர்கள் தமக்குப் போதாத நைட்ரஜனை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்கின்றன. வேர்களுக்குக் கிடைக்க வேண்டியது நுண்ணுயிர்களின் உடலில் முடங்கிவிடுகிறது. குறைந்த நைட்ரஜனில் பைன் வாழப் பழகியது. ஓக் கன்று அவ்வாறு பழகவில்லை. ஆக, உதிர்ந்த இலையின் வழியாகவே பைன் தன் இடத்தைக் காத்துக்கொள்கிறது.

அடுத்தது தீ. பிரூல் ஊசிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக, காற்றுப் புகும்படி படிகின்றன. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு பீடித்துண்டு போதும். பைன் மரத்தின் தடித்த பட்டை தரைத்தீயைத் தாங்குகிறது. மெல்லிய பட்டையுடைய ஓக் கன்று தாங்குவதில்லை. பைன் கூம்புகள் சிறகுள்ள விதைகளை வெளிவிடுவதும் ஏறத்தாழ இதே பருவத்தில்தான். தீ துடைத்துவிட்டுப் போன வெறும் மண் அவ்விதைகளுக்கு ஏற்ற நாற்றங்காலாகிறது. ஒவ்வொரு தீக்குப் பிறகும் எல்லைக்கோடு சிறிது மேலே நகர்கிறது. ஓக் காடு ஒரு படி பின்வாங்குகிறது. பிசினுக்காகக் கீறப்பட்ட மரங்களில் அந்தக் காயத்தின் வழியே தீ தண்டிலும் ஏறுகிறது. 2024 ஜூன் மாதத்தில் அல்மோரா மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற வனத்துறைப் பணியாளர்கள் உயிரிழந்தனர். கோடைதோறும் மலை எரியும் செய்தியை நாளிதழில் படித்துக் கடந்துபோவோருக்கு, அது தரையில் என்ன கிடக்கிறது என்பதைப் பற்றிய செய்தியும்கூட என்பது தோன்றுவதில்லை.

பைன் இமயத்துக்கு அயலான மரம் அன்று. தாழ்ந்த உயரங்களிலும் வறண்ட, மண் மெலிந்த சரிவுகளிலும் அது இயல்பாகவே வளர்ந்து வந்தது. அதற்குரிய எல்லையைத் தாண்டி அதை விரும்பிப் பரப்பியது ஆட்சியின் தேவை. 1815இல் குமாவுன் ஆங்கிலேயர் வசமானது. இரயில் பாதைக்குக் கட்டைகள் தேவைப்பட்டன. பின்னர் டர்பன்டைனும் ரோசினும் தரும் பிசின் தேவைப்பட்டது. நேராக வளரும், பிசின் சுரக்கும், எளிதில் மீளும் பைன் வருவாய்க்கணக்கில் மதிப்புப் பெற்றது. 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் குமாவுனின் காடுகள் பெருமளவில் ஒதுக்கப்பட்ட காடுகளாக்கப்பட்டன. தழைக்கும் புல்லுக்கும் போன மக்கள் அத்துமீறியவர்களாயினர். 1921இல் மலை எரிந்தது. அந்த முறை மக்களே வைத்த தீ. மரத்துக்கும் பிசினுக்குமாக வனத்துறை பயன்படுத்திவந்த பைன் பகுதிகளே குறிவைத்து எரிக்கப்பட்டன, அகன்ற இலைக் காடுகள் எரிக்கப்படவில்லை என்பதை வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எடுத்துக்காட்டுகிறார். கண்மூடித்தனமான கலவரம் இவ்வாறு மரம் பார்த்து எரியாது.

அதன்பின் அமைந்த விசாரணைக் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து காடுகள் இரு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன: வணிக மதிப்பு இல்லாதவை, வணிக மதிப்பு உள்ளவை. மதிப்பில்லாதவை வனத்துறையின் கையிலிருந்து விடுவிக்கப்பட்டன. மதிப்புள்ளவை துறையிடமே நின்றன. மக்களின் மாட்டையும் வயலையும் அடுப்பையும் தாங்கிய காட்டுக்கு ஏட்டில் கிடைத்த பெயர் 'மதிப்பற்றது'. 1931இல் வந்த வனப் பஞ்சாயத்து விதிகளும், 1970களின் சிப்கோ இயக்கமும் அந்தப் பெயரிடலோடு நடந்த நெடிய வழக்கின் பகுதிகளே. சிப்கோவுக்குப் பின் எழுந்த கோரிக்கைகளுள் ஒன்று, நடுவதென்றால் அகன்ற இலை மரங்களை நடுங்கள் என்பது.

ஆனால் பைனை வில்லனாக்கிக் கதையை முடிப்பதும் நேர்மையாகாது. ஓக் காடு சுருங்கியதில் மக்களின் பங்கும் உண்டு. நகரங்களின் கரிக்கும் விறகுக்கும் பாஞ் வெட்டப்பட்டது. ஓயாமல் தழை ஒடிக்கப்பட்ட மரங்கள் விதை தரும் வலுவை இழந்தன. முளைத்த கன்றுகளை ஆடுமாடுகள் மேய்ந்தன. மழைக்குப் பின் பைன் அடியில் முளைக்கும் புல்லுக்காகத் தாமே தீவைக்கும் வழக்கமும் கிராமங்களில் உண்டு. மண்ணரித்த வெறும் சரிவில் முதலில் வேரூன்றி நிழல் தரக்கூடிய மரம் பைன்தான். தீயும் மேய்ச்சலும் தடுக்கப்பட்டு, பிரூல் அள்ளப்பட்டு வரும் இடங்களில் பைன் நிழலிலேயே பாஞ் கன்றுகள் தலைநீட்டுவதைக் காணலாம். 1981இல் 1,000 மீட்டருக்கு மேல் பசுமரம் வெட்டத் தடை வந்தது. அது காட்டைக் காக்க வந்த தடை. எனினும் அது பைன் காடுகளில் இடைவெளி உண்டாக்கும் வேலையையும் முடக்கிவிட்டது என்ற வாதம் வனவியலாரிடையே உண்டு. மரத்தை நடுவதா வெட்டுவதா என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. அதன் கீழே எதை வாழவிடுகிறோம் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இந்தக் கேள்வி கேட்கப்படாமலே போவதற்குச் 'காடு' என்ற சொல்லின் பயன்பாடும் ஒரு காரணம். ஆங்கிலத்தின் 'ஃபாரஸ்ட்' இடைக்கால இலத்தீனிலிருந்து வந்தது. அரசனின் வேட்டைக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தைக் குறித்த சட்டச்சொல் அது. அங்கே மரம் இருந்தாக வேண்டும் என்பதுகூட இல்லை. இந்தியின் 'ஜங்கல்' சமஸ்கிருத 'ஜாங்கல' என்பதன் வழிவந்தது. பழைய மருத்துவ நூல்களில் அது வறண்ட, மரம் அருகிய திறந்த நிலம். இன்று அடர்ந்த பசுமையைக் குறிக்கும் சொல், தன் பிறப்பில் அதற்கு நேரெதிரானதைக் குறித்திருக்கிறது. தமிழின் 'காடு' இன்னும் நெகிழ்வானது. கொங்கு நாட்டில் 'காட்டுக்குப் போகிறேன்' என்பவர் தம் மேட்டுநிலப் பயிரைப் பார்க்கப் போகிறார். சோளக்காடும் உண்டு, சுடுகாடும் உண்டு. மக்கள் வழக்கில் ஒரு சொல் இப்படிப் பரந்து கிடப்பதால் கேடில்லை. சூழல் பொருளைத் தெளிவாக்கிவிடும். சட்டமும் கணக்கும் அதைக் கையிலெடுக்கும்போதுதான் பொருள் கூர்மையாக வேண்டியிருக்கிறது.

1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் 'காடு' என்றால் என்ன என்று வரையறுக்கவில்லை. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியின் மரம்வெட்டலை எதிர்த்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், அச்சொல்லை அதன் அகராதிப் பொருளிலேயே கொள்ள வேண்டும் என்றது. யாருக்குச் சொந்தமாயினும், ஏட்டில் என்ன பெயராயினும், அகராதி காடு என்று சொல்வது காடே. அந்தத் தீர்ப்பு பல காடுகளைக் காத்தது. ஆயினும் நிலத்தைக் காடு என்று அடையாளம் காண்பதோடு அகராதியின் வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் காட்டுக்குள் எத்தனை அடுக்குகள் உயிரோடு இருக்கின்றன என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்ல வேண்டிய கணக்கு வேறு திசையில் பார்க்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் வெளியிட்டுவரும் நாட்டின் வன நிலை அறிக்கைகளில், ஒரு ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கவிகை 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் எந்த இனம் என்பவை அந்த வரையறைக்குத் தேவையில்லை. கவிகை 70 சதவீதத்தை எட்டினால் அது மிக அடர்ந்த காடு. செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. அதற்குத் தெரிவது கவிகை. இத்தனை பெரிய நாட்டை முழுமையாக அளக்க அதைவிட எளிய வழி இல்லை என்பதும் உண்மை. அதே அறிக்கைகளுக்காக நிலத்தில் மாதிரிக் கட்டங்கள் அமைத்துப் புதர்களும் பூண்டுகளும்கூடப் பதிவு செய்யப்படுகின்றன. ஆனால் வெளியாகும் நாளன்று தலைப்புச் செய்தியாவது ஒரே ஓர் எண்: வனப்பரப்பு கூடியதா, குறைந்ததா. கீழடுக்கு இழந்த நெருக்கமான பைன் நடவும், ஐந்தடுக்குப் பாஞ் காடும் அந்த எண்ணுக்குள் ஒரே மதிப்போடு நுழைகின்றன.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஓரிடத்தில் காடு அழிக்கப்பட்டால் வேறிடத்தில் ஈடாக மரம் வளர்க்க வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு 2016இல் தனிச்சட்டமே வந்துவிட்டது. ஈடு என்று எதை ஏற்கிறோம் என்பது காடு என்று எதை அழைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கவிகைக்குக் கவிகை ஈடு என்றால் கணக்கு எளிதில் நேராகிவிடும். மட்கிய மண்ணுக்கும், பெரணிக்கும், காஃபலுக்கும், அவற்றின் வழியே இறங்கும் ஊற்றுநீருக்கும் ஈடு கேட்டால், கணக்கு பல பத்தாண்டுகளுக்கு நேராகாது. விரைவில் உயர்ந்து கவிகை மூடும் ஒற்றையின நடவுக்கு ஏன் இத்தனை ஈர்ப்பு என்பதன் விடையும் இங்கேதான் இருக்கிறது.

கீழடுக்கை அளக்க அரிய கருவிகள் தேவையில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, மண்டியிட்டு, அதற்குள் என்னென்ன முளைத்திருக்கிறது என்று எண்ணுவது தாவரவியல் மாணவர் முதலாண்டிலேயே கற்கும் முறை. காடுகளைப் பற்றிய பெரும்பாலான உண்மைகள் இப்படி மண்டியிட்ட நிலையில்தான் கிடைத்திருக்கின்றன. ஒரு நடவு வெற்றிபெற்றதா என்று பார்க்கச் செல்பவர், பிழைத்த கன்றுகளின் எண்ணிக்கையோடும் தண்டின் பருமனோடும் இந்தச் சதுரத்தின் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதினால், பத்தாண்டுகளில் ஏடுகள் வேறொரு கதையைச் சொல்லத் தொடங்கும். எந்த நடவுக்கு இடைவெளி வேண்டும், எங்கே பிரூலை அள்ள வேண்டும், எங்கே பைன் நிழலில் பாஞ் கன்றுக்கு வேலியிட வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்தே தெரியவரும்.

குமாவுனில் கோடையின் தொடக்கத்தில் குயிலினப் பறவையொன்று கூவும். அந்தக் கூவலை அங்குள்ளவர்கள் காஃபல் பழுத்துவிட்டது என்ற வாக்கியமாகவே கேட்கிறார்கள். அதற்கொரு கதையும் உண்டு. தாய் பறித்து வைத்த பழம் வெயிலில் சுருங்கிக் குறைவாகத் தெரிந்தது. மகள் தின்றுவிட்டாள் என்று எண்ணித் தாய் அடித்ததில் மகள் இறந்தாள். பின்னர் மழை ஈரத்தில் பழம் மீண்டும் உப்பிக் கூடை நிறைந்தது. கூடையை மேலாகப் பார்த்த பார்வை செய்த பிழை அது.

கூவலைக் கேட்டபடி கஸ்யாரி நடக்கிறாள். பைன் சரிவு முடிந்து பாஞ் தொடங்கும் இடம் அவளுடைய பாட்டிக்கு எவ்வளவு தொலைவில் இருந்தது, அவளுக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியும். வன நிலை அறிக்கையின் அட்டவணைகளில் அதற்கென ஒரு பத்தி இல்லை.